பொன்னுத்தங்கத்தின் சிரிப்பு

பொன்னுத்தங்கம் செத்து ஏழு வருஷம் ஆகிறது. போன மாதம் அவளுக்குச் சேலத்தில் மூட்டுவலி குணமாகியிருக்கிறது.

நான் சொல்லவில்லை, நோட்டீஸ் சொல்கிறது. மஞ்சள் புடவை, காதில் கல் தோடு, முகமெல்லாம் சிரிப்பு. படத்துக்குக் கீழே, 'திருமதி விஜயா, சேலம். எட்டு வருட மூட்டுவலி இருபத்தொரு நாளில் போன இடம் தெரியவில்லை' என்று அச்சடித்திருக்கிறான். அதற்கு முன்பு அவள் கோவையில் இருந்தாள். அப்போது பெயர் ராஜேஸ்வரி, குணமானது சர்க்கரை நோய். உயிரோடு இருந்தவரை மதுரையைத் தாண்டாத பெண்பிள்ளை, செத்த பிறகு ஊர் ஊராகப் போய்க் குணமாகிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நோட்டீஸை அருள்பாண்டி அண்ணனிடம் கொடுத்தேன். திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். டிராயரைத் திறந்து ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் நகல், ஓர் இறப்புச் சான்றிதழின் நகல், எழுதித் தயாராக வைத்திருக்கும் கடிதம், மூன்றையும் எடுத்து நோட்டீஸோடு வைத்துப் பின் அடித்தார். கவரின் மேல் விருதுநகரில் இருக்கும் மருந்து ஆய்வாளரின் முகவரி. இந்த வருஷம் இது நான்காவது கவர்.

கடிதத்தில் இரண்டே வரிதான். 'இந்த விளம்பரத்தில் குணமானவராகக் காட்டப்படும் பெண் உயிருடன் இல்லை. அவர் படத்தை இப்படி ஆக்கியவன் நான்தான்.'

எப்படி ஆக்கினார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்ல எனக்கும் யோக்கியதை கிடையாது. அதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அருள்பாண்டி பதினேழு வயதில் அச்சகத்துக்குள் நுழைந்தவர். பிலிம் காலத்தில் பிரஷ்ஷைப் பிடித்து நெகட்டிவில் இருக்கும் புள்ளிகளை அடைத்தவர், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினார். காலண்டர் முருகனுக்குக் கன்னம் சிவக்க வைப்பார். சங்குச் சக்கரப் பெட்டியில் பொறி பறக்க வைப்பார். ஆனால் சுற்றுப்பட்டியில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சாமியும் இல்லை, பட்டாசும் இல்லை. செத்தவர்கள்தான்.

யாராவது இறந்துவிட்டால், வீட்டில் கையில் கிடைத்த படத்தை எடுத்துக்கொண்டு போஸ்டர் அடிக்க ஓடி வருவார்கள். வோட்டர் கார்டு, ரேஷன் கார்டு, கல்யாணக் கூட்டத்தில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்த முகம். சில வீடுகளில் அதுவும் இருக்காது. நாற்காலியில் சாத்தி வைத்து, கண் மூடியபடியே செல்போனில் எடுத்துக்கொண்டு வருவார்கள். அண்ணன் அந்தக் கண்களைத் திறப்பார். அரைமணி நேரம் திரையில் மூக்கு ஒட்ட உட்கார்ந்திருப்பார். முடித்துவிட்டு நிமிரும்போது அந்த ஆள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூட வந்த பெண்கள் ஓவென்று அழுதுவிடுவார்கள்.

"என் கையில வந்த ஒருத்தரும் கண்ணை மூடிட்டுப் போனதில்ல, பெனாசிரு" என்று பீற்றிக்கொள்வார்.

"அப்ப எனக்கும் நீங்கதாண்ணே. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கி விட்ருங்க."

"உனக்கு மூக்குல வேலை கெடையாது தாயி. வாயிலதான் வேலை."

அதே அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறவளாக இருந்தேன். பதினோரு வருஷம். எங்கள் மேசைகள் பக்கத்தில் பக்கத்தில்.

எங்காவது வெடி விபத்து என்றால், மறுநாள் காலையில் படங்கள் வந்து குவியும். ஆறு, எட்டு, ஒரு தடவை பதினொன்று. அன்றைக்கெல்லாம் அண்ணன் டீக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். முகங்களை வரிசையாக முடிப்பார். முடித்த எதையும் அழிக்க மாட்டார். கம்ப்யூட்டரில் 'முகம்' என்று ஒரு போல்டர். இருபது வருஷத்துச் சாவு அதற்குள் இருந்தது.

பொன்னுத்தங்கம் அப்படி வந்தவள்தான். எம். புதுப்பட்டிக்காரி. வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையே வெடித்துப் போய்விட்டது. அவள் புருஷன் செந்தூர்பாண்டி கொண்டுவந்த ரேஷன் கார்டு படத்தில், போட்டோ எடுத்தவனை அடிக்கப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கலர் கொடுத்து, நெற்றியில் பொட்டைத் தெளிவாக்கினார். முறைப்பை அப்படியே விட்டுவிட்டார். அஞ்சலி போஸ்டரில் யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து வந்தது அந்த ஆர்டர்.

மேற்கேயிருந்து வந்த பார்ட்டி. சர்க்கரை நோய்க்குப் பொடி. ஒரு லட்சம் நோட்டீஸ். குணமானவர்கள் என்று பன்னிரண்டு பேரின் பெயரும் ஊரும் பேச்சும் டைப் அடித்து வந்திருந்தது. படம் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "நீங்களே ஏதாச்சும் போட்டுக்கங்க, ஆனா நம்ம ஊரு மொகமா இருக்கணும்" என்றான் போனில். முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி அண்ணனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் 'முகம்' போல்டரைத் திறந்தார்.

"என்னண்ணே, செத்தவுக படத்தையா போடுதீக?"

"உசிரோட இருக்கவன் படத்தைப் போட்டா நாளைக்குச் சண்டைக்கு வருவான். இவுக யாரும் வர மாட்டாக."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அவர் ஒவ்வொரு முகத்திலிருந்தும் மாலையை வெட்டினார். பொன்னுத்தங்கத்துக்கு மஞ்சள் புடவை கட்டிவிட்டார், காதில் தோடு மாட்டினார். "கொணமானவ மொறைச்சுக்கிட்டா இருப்பா?" என்று சொல்லிக்கொண்டே உதட்டின் இரண்டு ஓரத்தையும் மேலே தூக்கினார். கன்னத்தில் ஒரு மடிப்பு வைத்தார், கண்ணுக்குக் கீழே லேசான சுருக்கம் வைத்தார். நிஜமாகவே சிரித்தாள். நல்ல கை, சந்தேகமேயில்லை. நாசமாய்ப் போன நல்ல கை.

புரூஃப் என்னிடம் வந்தது. 'ஊசியை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நிறுத்துங்கள். இப்படிக்கு ராஜேஸ்வரி, கோவை.' 'நிருத்துங்கள்' என்று இருந்ததைத் திருத்தினேன். கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் அத்தாவுக்கு, அப்பாவுக்குத்தான், சர்க்கரை. தினமும் காலையில் நான்தான் அவர் வயிற்றில் ஊசி போட்டுவிட்டு வேலைக்கு வருவேன். அன்றைக்கும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். வந்து, ஊசியை நிறுத்தச் சொல்லும் வரியில் எழுத்துப் பிழை பார்த்தேன். எனக்கு உறைக்கவில்லை. அல்லாவே, எப்படி உறைக்காமல் போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நோட்டீஸ் முழுக்க மேற்கு மாவட்டங்களுக்குப் போகிறது, இந்தப் பக்கம் ஒன்றுகூட வராது என்று எல்லோரும் நினைத்தோம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து இதே தொழிலில் கிடக்கும் எங்களுக்கு ஒரு விஷயம் மறந்துபோனது. மெஷினில் கலர் சேருகிறவரை ஓடும் நானூறு ஐநூறு ஷீட் வேஸ்ட். அந்த வேஸ்ட் கட்டுக் கட்டாக எங்கே போகிறது? பட்டாசுக்குக் குழாய் சுற்றத்தான் போகிறது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

செந்தூர்பாண்டி அப்போது வீட்டில் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரை வந்து காலில் புண், கம்பெனியில் நின்று வேலை செய்ய முடியாது. ஒருநாள் காலையில் புதுக் கட்டைப் பிரித்திருக்கிறார். ஒரு ஷீட்டுக்கு நாலு நோட்டீஸ். நாலு பொன்னுத்தங்கம் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஷீட்டிலும் நாலு. அன்றைக்கு அவர் ஒரு குழாயும் சுற்றவில்லை. கிழியாத ஷீட்டாகப் பதினொன்றைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டார்.

நோட்டீஸின் மூலையில் பழக்க தோஷத்தில் அச்சகத்தின் பெயரைப் போட்டிருந்தார் அண்ணன். அதைப் பிடித்துக்கொண்டு மனுஷன் பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றினார். இடது பாதத்தில் கட்டு. சட்டைக்குள்ளிருந்து ஷீட்டை எடுத்து விரித்தார்.

"அண்ணாச்சி, இவ எங்கன இருக்கா?"

அண்ணனின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

"பார்ட்டி குடுத்த படம்ணே. எங்களுக்கு என்ன தெரியும்?"

பொய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செந்தூர்பாண்டி என் பக்கம் திரும்பினார். "அன்னைக்குப் பொட்டியத் தொறந்து காட்டலம்மா. மொகத்தைப் பாக்க வேண்டாம்னுட்டாக. மெட்டியத்தான் கையில குடுத்தாக. அதே மாதிரி மெட்டிய பங்குனிப் பொங்கலுக்கு எங்க தெருவுல ஆறு பொம்பளைக ஒண்ணாப் போயி வாங்கினாக. அதான், பொட்டிக்குள்ள இருந்தது அவதானான்னு எனக்கு மனசு ஆறவே இல்ல." ஷீட்டில் இருந்த பெயரை விரலால் தொட்டார். "பேரை மாத்திக்கிட்டா போல. எம் மேல என்ன கோவமோ. இருந்தாலும் ஊசிய நிறுத்துன்னு சொல்லிவிட்டிருக்கா பாருங்க. நிறுத்திட்டேன். இன்னைக்குப் பன்னெண்டு நாளாச்சு."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஊசிய நிறுத்தாதீகண்ணே! அது வெறும் விளம்பரம். பொய்யி."

"விளம்பரம் பொய் சொல்லும் அண்ணாச்சி. அவ பொய் சொல்ல மாட்டாளே."

அவர் ஷீட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை சொன்னா என்னண்ணே? போஸ்டருக்கு நீங்க போட்ட படம்னு சொன்னா என்ன கொறைஞ்சு போவீக?"

"வேலை போயிரும் பெனாசிரு. எனக்கு இதை விட்டா என்ன தெரியும்?"

முதலாளி சாயங்காலமே மிச்சம் மீதியை எல்லாம் எரிக்கச் சொல்லிவிட்டார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். பத்து நாள் நாங்கள் திறக்கவில்லை. அந்தப் பத்து நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அந்த நாட்களில் அண்ணனுக்கு வேலை ஓடவில்லை. சிவகாசியிலிருந்து ஒரு பெரியவரின் படம் வந்தது, கண் மூடியது. திரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "தொறந்தா இவரு என்ன சொல்லுவாரோன்னு இருக்கு" என்றார். இன்னொரு நாள் திடீரென்று என்னைக் கேட்டார்: "பன்னெண்டு மொகம் போட்டேனே. ஒரு லட்சம் நோட்டீஸ். எந்தெந்த வீட்டுல எவரெவரு ஊசிய நிறுத்தியிருப்பாக?"

பதினோராம் நாள் செந்தூர்பாண்டியின் மகள் சுகிர்தா அச்சகத்துக்குப் போன் பண்ணினாள். அவள் சிவகாசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். அப்பா நோட்டீஸில் இருந்த முகவரிக்குக் கோயம்புத்தூர் வரை போயிருக்கிறார். ஒற்றை அறை, ஒரு மேசை, பொடி டப்பாக்கள். ராஜேஸ்வரி எங்கே என்று கேட்டவருக்கு மூன்று டப்பாவை விற்று அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துவிட்டார். "கால் கறுத்துப் போச்சுக்கா. ஊசிய எடுத்தாலே கையைத் தட்டி விடுதாரு. அந்தப் படம் உங்ககிட்ட எப்படி வந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்று அழுதாள்.

போனை அண்ணன் காதில் வைத்தேன். கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, பொன்னுத்தங்கத்தின் பழைய அஞ்சலி போஸ்டரை ஒரு பிரின்ட் எடுத்தார். முதலாளி பார்க்கத்தான் எடுத்தார். "வா தாயி" என்றார். அவர் வண்டியிலேயே எம். புதுப்பட்டிக்குப் போனோம்.

உள்ளே நுழையும்போதே புண்ணின் வாடை. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அந்த ஷீட்டை ஒட்டியிருந்தார்கள். நாலு மஞ்சள் புடவை, நாலு சிரிப்பு. கீழே ஸ்டூலில் பொடி டப்பா. சுகிர்தா ஊசியை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அண்ணன் தரையில் உட்கார்ந்து, போஸ்டரையும் சுகிர்தா எடுத்துக் கொடுத்த ஒரு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார்.

"செந்தூர்பாண்டி அண்ணே, அன்னைக்குப் பொய் சொன்னேன். நீங்க குடுத்த ரேஷன் கார்டுப் படம்தான் இது. புடவை நான் போட்டது. தோடு நான் போட்டது. இந்தா இந்த ஒதடு, இதைத் தூக்கிவிட்டதே நான்தான். அவுக ஒண்ணும் சொல்லலண்ணே. அந்தப் பேச்சு எவனோ எளுதினது. ஊசியப் போட்டுக்கங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

நிஜமாகவே பிடித்தார். கறுத்துப்போன அந்தக் காலை.

செந்தூர்பாண்டி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார், அடிப்பார் என்று நான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ சிரிச்சு நீங்க பாத்திருக்கீகளா அண்ணாச்சி?"

"இல்லண்ணே."

"நான் இருபத்திரண்டு வருசம் பாத்தவன். சிரிச்சா இந்தக் கன்னத்துலதான் மடிப்பு விளும். கண்ணு இப்படித்தான் சுருங்கும். பாக்காத நீங்க எப்படி வரைவீக?"

முப்பத்தைந்து வருஷ வேலை அண்ணன் முன்னால் விரிந்து கிடந்தது. அதை நல்லபடியாகச் செய்துவிட்டார், அவ்வளவுதான்.

"வேலை போயிரும்னு மெரட்டி யாரும் இப்படிச் சொல்லச் சொன்னாகளா? போங்க. எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுகிர்தா ஊசியை மூடி வைத்தாள். மறுநாள் நினைவு தப்பிய பிறகுதான் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்க முடிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். விஷம் அதற்குள் மேலே ஏறிவிட்டிருந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

நாங்கள் இதற்குள் விருதுநகருக்குப் போய்விட்டு வந்திருந்தோம். மருந்து ஆய்வாளர் ஓர் அம்மா. பொறுமையாகக் கேட்டார். சர்க்கரையைக் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்யவே கூடாது, ஐம்பத்து நாலாம் வருஷத்திலிருந்து சட்டம் இருக்கிறது என்றார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் அத்தா பிறப்பதற்கு முன்னாலேயே வந்த சட்டம், பதினோரு வருஷமாக நோட்டீஸ் திருத்திய எனக்குத் தெரியவில்லை. "அச்சடித்த அசல் வேண்டும். படத்தைச் செய்தவர் தன் பெயரில் எழுதித் தர வேண்டும். இரண்டும் இருந்தால் நான் விட மாட்டேன்" என்றார். எழுதித் தர அண்ணன் அப்போதே பேனாவை எடுத்தார். அசல்தான் இல்லை. எங்களிடம் இருந்ததை முதலாளி எரித்துவிட்டார். மிச்சமிருந்த பதினோரு ஷீட்டும் சுவரிலும் தலையணைக்கடியிலுமாகச் செந்தூர்பாண்டி வீட்டில் இருந்தன. சாகக் கிடக்கும் மனுஷனிடம் போய் உன் பெண்டாட்டியைக் கொடு என்று யார் கேட்பது? சுகிர்தாவிடம் விஷயத்தை மட்டும் சொல்லி வைத்தோம்.

அவர் இறந்த அன்று காலை பத்து மணிக்குச் சுகிர்தா அச்சகத்துக்கு வந்தாள். தலைகூட வாரவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ஷீட்டுகளை எடுத்து அண்ணன் மேசையில் வைத்தாள்.

"பத்து இருக்கு. ஒண்ணை அப்பா சட்டைப் பையில வச்சுட்டேன். அது அவரோட போகட்டும். இதை விருதுநகர் அம்மாகிட்டக் குடுங்க."

முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். "ஏலே அருளு, அதைத் தொட்டேன்னா நாளையிலருந்து இந்தப் பக்கம் வராத" என்றார். அண்ணன் பத்து ஷீட்டையும் எண்ணிப் பார்த்து, உறையில் போட்டு, என்னிடம் கொடுத்தார். அன்றைக்கே என் வேலையும் போனது.

பிறகு நடந்ததில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒற்றை அறையைப் பூட்டினார்கள். வழக்கு நடக்கிறது, அண்ணன் வாய்தா தவறாமல் போகிறார். பொடி விற்றவன் கம்பெனிப் பெயரை மாற்றி இன்னோர் ஊரில் கடை திறந்துவிட்டான். படங்கள் அவனிடம் இருக்கின்றன. நோட்டீஸ் டிசைனோடு நாங்கள் அனுப்பி வைத்தவைதானே?

ஆனால் அன்று காலை அண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்த கடைசி வேலையைச் சொல்ல வேண்டும். சுகிர்தா பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தாள். அவள் அப்பாவின் ஆதார் அட்டை.

"போஸ்டர் அடிக்கணும் அண்ணாச்சி. அம்மா படத்தையும் சேத்துப் போடுங்க."

"எந்தப் படம் தாயி?" என்று கேட்டார் அண்ணன்.

"சிரிக்கிற படத்தையே போடுங்க. அப்பாவுக்கு அதுதான் அம்மா."

அண்ணன் மஞ்சள் புடவைப் பொன்னுத்தங்கத்தைத் திரையில் எடுத்து வைத்தார். பக்கத்தில் செந்தூர்பாண்டியின் ஆதார் படத்தை வைத்தார். கேமரா மின்னிய நேரத்தில் எடுத்ததோ என்னவோ, ஒரு கண் பாதி மூடிக் கிடந்தது. பழக்கத்தில் அண்ணனின் கை அந்தக் கண்ணுக்குப் போனது.

சுகிர்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவை மட்டும் தொடாதீக அண்ணாச்சி. எப்படி இருக்காரோ அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் போஸ்டர் எம். புதுப்பட்டி பஸ் நிறுத்தத்துச் சுவரில் இரண்டு மழை தாங்கியது. அதில் பொன்னுத்தங்கம் சிரித்துக்கொண்டிருந்தாள். செந்தூர்பாண்டிக்கு ஒரு கண் பாதி மூடியே இருந்தது.